அரைநாண்

தமிழ் கற்பிப்பவனிடம் ஒருவன் கணிதப் புத்தகம் கேட்டால் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். அல்லது எங்கோ படித்த கதையை நம்பி ஒன்றை வாங்கித் தந்துவிடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன்.

கேட்டவன் என் தங்கை மகன். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் படிப்பு. முதலாண்டுக் கணிதத்தில் அரியர். தங்கையின் கணவர் காலமாகி அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. மாலையில் ஜெராக்ஸ் கடையில் நின்று சம்பாதிக்கும் பையன், டியூஷனுக்குப் பணம் வேண்டும் என்று தாயிடம் கேட்க மாட்டான். "முக்கோணவியல்தான் மாமா உதைக்குது. நானே படிச்சுக்கற மாதிரி ஒரு புக் இருந்தா சொல்லுங்க" என்றான். இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் கடைக்கே போய்விடப் போவதாகத் தங்கை என்னிடம் தனியே சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே முக்கோணவியல் புத்தகம் லோனியுடையது. அதையும் நான் படித்ததில்லை. இராமானுஜன் படித்தார் என்பதால் தெரியும். கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, பதின்மூன்று வயதுக்குள், எஸ். எல். லோனியின் நூலை இரவல் வாங்கித் தானாகவே கற்றுத் தேர்ந்தார் என்பது அவர் வரலாற்றை எழுதிய எல்லோரும் சொல்வது. சைன், கோசைன் பற்றித் தாமே கண்டுபிடித்ததாக நினைத்தவை முன்பே ஆய்லர் கண்டவை என்று தெரிந்ததும், வெட்கப்பட்டு அந்தத் தாள்களைக் கூரையில் செருகி வைத்தார் என்றும் சொல்வார்கள். இலக்கியம் படித்தவனுக்கு இப்படி ஒரு காட்சி போதும். லஸ் பக்கம் நடைபாதைக் கடையில் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதி, கையெழுத்திட்டு அவனிடம் கொடுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

லோனி மோசமான புத்தகம் அன்று. 1893-இல் வெளிவந்து இன்றும் இந்தியாவில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. பயிற்சிக் கணக்குகளின் வளத்தில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் அது ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்டது. தொடக்கத்திலேயே கோணத்தை அளக்க மூன்று முறைகள். அவற்றுள் ஒன்றில் செங்கோணம் 100 கிரேடு. "எங்க சிலபஸ்ல கிரேடே இல்லையே மாமா" என்று ஒருநாள் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. இராமானுஜனே படித்தது, விடாமல் படி என்றேன். பிறகு மடக்கை அட்டவணைகள் வந்தன. கைபேசியில் கால்குலேட்டர் வைத்திருப்பவன் அவற்றோடு இரண்டு வாரம் போராடியிருக்கிறான். இராமானுஜனை ஆட்கொண்டது முடிவிலித் தொடர்கள் வரும் இரண்டாம் பாகம் என்பதும், நான் வாங்கித் தந்தது முதல் பாகம் என்பதும் பின்னால்தான் உறைத்தது. ஏப்ரலில் அவன் மறுபடி தவறினான். என்னைக் குறை சொல்லவில்லை. புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். அது குறை சொல்வதைவிடக் கடுமையாக இருந்தது.

நானே படித்துப் பார்க்காமல் இனி ஒரு புத்தகமும் தருவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்போடு கணிதத்தைத் தலைமுழுகியவன், நாற்பது கடந்து பாகைமானி வாங்கினேன். (சைதாப்பேட்டையில் தாடண்டர் நகர் என்று வழங்கும் இடத்தின் பெயருக்குரியவர் சார்லஸ் டாட்ஹன்டர் என்னும் அதிகாரி. 1859-இல் முக்கோணவியல் பாடநூல் எழுதிய ஐசக் டாட்ஹன்டர் வேறு. இருவரையும் ஒருவராக நினைத்துச் சில நாள் புளகாங்கிதத்தில் திரிந்தேன்.)

தமிழ்நாட்டுப் பாடநூலிலிருந்தே தொடங்கினேன். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இது தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசம். அடுத்து, கல்லூரியில் கணிதத்துறை நண்பர் கொடுத்த ஜெல்ஃபாண்ட், மார்க் சௌல் இருவரின் 2001-ஆம் ஆண்டு நூல். ஜெல்ஃபாண்ட் 1964-இல் மாஸ்கோவில் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளி தொடங்கியவர். தொலைதூர ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடிதத்தில் கணிதம் சொல்லித் தந்தவர். அருகில் ஆசிரியர் இல்லாத பிள்ளையை அவர் அறிவார். ஒன்றைச் சொல்கிறார், உடனே ஒரு கேள்வி கேட்கிறார், பென்சிலை எடுக்காமல் அடுத்த பக்கம் போக விடுவதில்லை. கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் வழிகாட்டிகளிலோ கேள்விக்கு முன்பே விடை வந்துவிடுகிறது.

ஆனால் சைன் என்றால் என்ன என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது வேறொரு வழியில். வட்டத்தின் பகுதியை நம் பாடநூல் வில் என்கிறது; அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை நாண் என்கிறது. வடமொழியிலும் அதே உருவகம்தான்: ஜ்யா என்றால் வில்லின் நாண். ஆரியபடர் பாதி நாணை எடுத்துக்கொண்டார். அந்தச் சொல் அரபியில் ஜிபா ஆகி, ஜைப் என்று பிழையாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் வளைவு என்னும் பொருள்பட சைனஸ் என்று பெயர்க்கப்பட்டது. நாம் சைன் என்று உருப்போடுவது ஒரு மொழிபெயர்ப்புப் பிழையை. "அப்போ சைன்னா அரைநாண்" என்றேன். "அரணாக்கயிறா மாமா?" என்று சிரித்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவன் என்னிடம் சிரித்தது அன்றுதான்.

499-இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் அரைநாண்களின் அட்டவணை இருக்கிறது. மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக இருபத்துநான்கு எண்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட எவ்வளவு கூடுகிறது என்பது மட்டும். ஆரம் 3438. எட்டுப் படி ஏறினால் 30 பாகை. அவனையே கூட்டச் சொன்னேன்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199. கூட்டினால் 1719. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 3438-ஐ இரண்டால் வகுத்தான். சைன் 30 என்பது அரை என்று நான்கைந்து ஆண்டுகளாக மனப்பாடம் செய்தவன், அது அரை என்பதை அன்று கண்ணால் பார்த்தான்.

அக்டோபரில் 58 மதிப்பெண் எடுத்தான். இப்போது லோனியைத் திரும்ப வாங்கிப் போயிருக்கிறான், கணக்குகள் போட்டுப் பார்க்க. கிரேடு வரும் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடி வைத்திருக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாகைமானியில் நூல் கட்டி, நூலின் நுனியில் பூட்டுச் சாவியைத் தொங்கவிட்டுக் காரணீஸ்வரர் கோயில் கோபுரத்தை அளக்கப் போனோம். இங்கிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தமான பரங்கிமலையில்தான் 1802-இல் லாம்டன் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து இந்தியாவையே முக்கோணங்களாகப் பிரிக்கத் தொடங்கினார். எங்களுக்கு ஒரு கோபுரம் போதும். உச்சி 45 பாகையில் தெரியும் இடத்தைத் தேடி நின்றேன். அங்கிருந்து கோபுரச் சுவர்வரை நாடா பிடித்தோம். தூரம் எவ்வளவோ அவ்வளவு உயரம். என் கண் உயரத்தையும் மறக்காமல் கூட்டி, விடையைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். "உச்சி செவுத்துக்கு நேர் மேலயா மாமா இருக்கு? உள்ள தள்ளியில்ல இருக்கு" என்றான். நாடாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வாயிலின் ஆழத்தை அளக்க உள்ளே போனான்.