ரெண்டு செகண்ட் அப்பத்தா

1984-85ல் பள்ளிக்கூடங்களுக்கு கம்ப்யூட்டர் கொடுத்தாங்களே, 'கிளாஸ்' திட்டம், ஞாபகம் இருக்கா? அதுல வந்தது பிபிசி மைக்ரோ. அந்த மாடல் ஒண்ணு விருதுநகர் பழைய இரும்புக் கடையில கிடைச்சது. அதுல குரலைப் பதியணும்னு ஆசை.

உள்ளேயே ஒரு ஏடிசி உண்டு. ஆனா ஒருமுறை அளக்கவே 10 மில்லிசெகண்ட் எடுக்கும். ஜாய்ஸ்டிக்குக்குப் போதும், குரலுக்கு ஆகாது. அதனால ஏடிசி0804 சிப்பை யூசர் போர்ட்ல கோர்த்தேன். செகண்டுக்கு 8,000 அளவுகள். பேசிக் இந்த வேகத்துக்கு வராது, அசெம்பிளிதான். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல வர்றதை மட்டுப்படுத்த முன்னாடி ஒரு ஃபில்டர்.

மெமரி மொத்தமே 32 கேபி. ஒலிக்கு 16 கேபி ஒதுக்கினா ரெண்டே செகண்ட்!

சிவகாசிப் பக்கத்து ஆளு முதல்ல எதைப் பதிவான்? வெடியைத்தான் :) அதோட உச்சி ஃபில்டர்லயே மழுங்கி, மிச்சம் 255ல முட்டித் தட்டையாச்சு. 'தொப்'புனு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடுத்தது அப்பத்தா பேசின கேசட். தீப்பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தவங்க. நாடா உதிர ஆரம்பிச்சிருச்சு. அரைமணி நேரப் பேச்சுல எந்த ரெண்டு செகண்டை எடுக்க? கதையா, திட்டா? வீட்டுல ஒரே சண்டை. கடைசியில எல்லாரும் ஒத்துக்கிட்டது, "ஏய்யா, சாப்ட்டியாய்யா?"

சவுண்ட் சிப்புல வால்யூம் 16 படிதான். கரகரன்னு வருது.

போன்ல பதிஞ்சா போதாதான்னு கேப்பீங்க. முழுசா பதிஞ்சு எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அதை யாரும் திறக்கிறதில்ல. இந்த ரெண்டு செகண்டைக் கேக்கத்தான் தங்கச்சி சாத்தூர்ல இருந்து பஸ் ஏறி வர்றா.