கட்டிலுக்குக் கீழே ஒரு பாய்

காஞ்சிபுரத்திற்குப் பட்டுச்சேலை எடுக்க வருகின்றவர்கள் ஏனாத்தூர் வரை வருவதில்லை. பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் எழுந்தபின்தான் ஊரின் பெயர் வெளியே தெரியலாயிற்று. ஆயினும் உட்தெருக்களில் நடந்தால் சில வீடுகளிலிருந்து தறியின் ஓசை இன்னும் கேட்கின்றது. அத்தகைய வீடொன்றிலிருந்து நெசவாளர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் என்னைத் தேடி வந்தார். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆறு வயது மகனுக்குப் பல நாட்களாக விடாத காய்ச்சல். கால்களில் அடிபடாமலே நீலத்திட்டுகள். இரத்தப் புற்றுநோய் என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள்.

“அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுது சாமி?” என்று கேட்டார்.

குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் மெய்யியலும் இறையியலும் பயின்றவன் நான். துன்பத்தின் மறைபொருளைக் குறித்துத் தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். அந்தப் பயிற்சியெல்லாம் கூடி என் வாயில் வந்த விடை இதுதான்: “கடவுள் சித்தம், தம்பி. தாங்க முடியாத சுமையை அவர் யாருக்கும் தருவதில்லை.” அவர் தலையாட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, “தாங்குவான்னு நெனச்சுத்தான் அவன் மேல வச்சாரா?” என்றார். சினம் இல்லை அவர் குரலில். உண்மையிலேயே அறிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

யோபுவின் நண்பர்களைக் குறித்து எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்தபோதுதான் கெட்டது. நானோ ஏழு நிமிடம்கூடப் பேசாது இருக்கவில்லை.

அடுத்த வாரம் சென்னைக்குச் சென்று சிறுவனைப் பார்த்தேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். நீண்ட கூடம், வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலிலும் முடி உதிர்ந்த குழந்தை, ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் சுருட்டி வைத்த பாய், ஒரு தூக்குவாளி, ஒரு துணிப்பை. தாய்மார் இரவில் அந்தப் பாயில்தான் படுக்கிறார்கள். முதலில் எனக்கு அது அவலமாகவே தோன்றியது. இடப்பற்றாக்குறைதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 1950களில் நடந்ததைப் பின்னர் படித்தபோது அந்தப் பாயின் மதிப்பு எனக்கு விளங்கியது. அங்கே பல மருத்துவமனைகளில் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே வந்து பார்க்கலாம். தாய் அருகிலிருந்தால் பிள்ளை அழும், ஒழுங்கு கெடும் என்று எண்ணினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை நாள்தோறும் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். அழுது அழுது ஓய்ந்து அவள் அமைதியானதைக் குணம் என்று எண்ணியிருந்தவர்கள், அது நம்பிக்கை இழந்த அமைதி என்று மெல்ல உணர்ந்தார்கள். 1959இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டுமென்றது. கல்லாத நம் தாய்மாரோ யாரையும் கேளாமல் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துவிட்டார்கள்!

அடுத்த கட்டிலில் வந்தவாசிப் பக்கத்து அம்மாள் ஒருவர் இருந்தார். தம் மகனோடு ஓராண்டுக்கு மேலாக வந்துபோகிறவர். ஏனாத்தூர்த் தாய்க்கு அவரே ஆசிரியர். காய்ச்சல் கண்டால் காலைவரை காத்திராதே, அந்த இரவே கிளம்பு. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கூட்டமான பேருந்தில் ஏறாதே. வெளியே வெட்டி வைத்த பழம் கொடுக்காதே. முடி உதிரும்முன் நீயே மழித்துவிடு, கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்த்தால் பிள்ளை பயப்படும். மருத்துவரும் செவிலியரும் இவற்றையெல்லாம் சொல்லத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அன்றிருந்த மனநிலையில் அந்தத் தாயின் காதில் எதுவும் விழவில்லை. இந்த அம்மாள் ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னது விழுந்தது. நான் அரைமணி நேரம் இருந்தேன். “சாமி, கீழ போய் வெந்நீர் வாங்கிட்டு வர்றீங்களா?” என்று அவர் ஃபிளாஸ்க்கை நீட்டினார். என் மேய்ப்புப் பணியில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களுள் அந்த வெந்நீரும் ஒன்று.

இனி வீட்டின் கதை. அதைச் சொல்லத் தறியைப் பற்றிச் சொல்லவேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். குழித்தறியில் நெய்பவர் ஒருவரால் அது இயலாது. கரைப்பக்கத்து நாடாவைப் போட இன்னொருவர் உடனிருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது மனைவிதான். அவர் மருத்துவமனைப் பாயில் படுத்தால் ஏனாத்தூரில் தறி நின்றுபோகும். தறி நின்றால் கூலி இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ அப்படியே நிற்கும். மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது. ஆனால் ஓடாத தறிக்குக் காப்பீடு உண்டா?

இந்த வகை இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் சிகிச்சை வேண்டும். முதல் மாதம் கடுமையானது. ஆனால் ஆபத்தான திருப்பம் அதன்பின்னும் வருகிறது. பிள்ளையின் முகம் தெளிந்து ஓடியாடத் தொடங்கும். அப்போதுதான் கடன்காரர் வருவார், தறி அழைக்கும், “நல்லாத்தானே இருக்கான்?” என்று உறவினர் கேட்பார்கள். பல குடும்பங்கள் அங்கேதான் பாதியில் நிறுத்திவிடுகின்றன. நோய் திரும்பி வருகிறது. வளமான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அதற்கு அது காட்டும் காரணங்களுள், சிகிச்சையைப் பாதியில் விடுதலும் ஒன்று. மருந்து இருந்தும் சாகிற சாவு அது.

நெசவாளரும் அந்த இடத்திற்கு வந்தார். ஐந்தாம் மாதம். “இனிமே அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருக்கேன் சாமி” என்றார். நான் பதில் சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருந்தேன். பங்குப் பேரவையில் பணம் திரட்டலாமா என்று மட்டும் எண்ணினேன். அதற்குள் அவர் எதிர்வீட்டுப் பெண்மணி, கணவரை இழந்தவர், “உன் பொண்டாட்டி ஊசிக்குப் போற நாளெல்லாம் நான் வந்து கரை போடுறேன்” என்று வந்து உட்கார்ந்துவிட்டார். பழக்கம் விட்டுப் பல ஆண்டுகள் ஆன கை. முதற்சேலையில் கரை இணைந்த இடம் சீராக இல்லை என்று கூலியில் பிடித்தார்கள். அவர் தொடர்ந்து வந்தார். நாங்கள் திரட்டியது பயணச் செலவுக்கு உதவியது. தறியை ஓடவைத்தவர் அவர்தான்.

நிறுவனங்களின் பிறப்பும் இப்படித்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1923இல் தம் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகள் அதைச் சுமந்து 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிரெட் ஹில் என்ற கால்பந்து வீரர், மகளின் இரத்தப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் கிடந்தபோது, மற்றப் பெற்றோர் நாற்காலிகளில் உறங்குவதைப் பார்த்தார். 1974இல் அங்கே பெற்றோர் தங்க ஒரு வீடு எழுந்தது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் மையங்கள் சென்னையிலும் வேலூரிலும்கூட இருக்கின்றன: குடும்பத்துக்கு ஓர் அறை, வாடகை இல்லை, சமைத்துக்கொள்ள அடுப்பு. நம் பங்குகள் பலவற்றில் ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை என்று நான் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். உடன்குருக்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக.

ஏனாத்தூர்ச் சிறுவனின் சிகிச்சை முடிந்துவிட்டது. பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறான். பள்ளியில் ஒரு வகுப்பு பின்தங்கியிருக்கிறான். அதுபற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

வந்தவாசி அம்மாளின் மகனுக்கு நோய் திரும்பியது. இரண்டாம் முறை மருந்து கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏனாத்தூர்த் தாயும் தந்தையும் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் அந்தத் தாய் என் பக்கம் திரும்பினார்.

“அந்த அக்கா திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு வர்றாங்களாம் சாமி. ஆறாம் நம்பர் கட்டில்ல புதுசா ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட வந்திருக்காம். யாரும் கூட இல்லையாம்.”