பாதை மூடியாச்சா சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு இது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஓரமாக நிறுத்திவிட்டு வாசியுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. இரவெல்லாம் மழை. காலையில் பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பண்டாரவளையிலிருந்து ஒரே வானில் வரும் ஆசிரியர்கள் நாங்கள் ஆறு பேர். சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால்தான் நேரத்துக்கு வந்து சேர முடியும். அன்றும் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டோம். கீழ் டிவிஷன்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் வான் மட்டும் வரவில்லை. ஏழேகால் ஆனது. ஏழு இருபது ஆனது. முதல் நாள் இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. பாதை நடுவே ஒரு பாறை, சுற்றிலும் சேறு. அதன் கீழே 'கொஸ்லந்தைப் பாதை மூடியாச்சு' என்று ஒரே வரி. எந்த நாள், எந்த இடம் என்று ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்தே எங்களுக்கு மனசு சரியில்லை.

வான் சாரதிக்குப் போன் எடுத்தோம். மணி அடித்து நின்றது. மறுபடி எடுத்தோம். மூன்றாவது தடவையும் எடுத்தோம். நான்காவது தடவை அவர் பேசினார். "சேர், வந்துக்கிட்டுத்தான் இருக்கேன், மேப்பாதையால..." என்றார். அதோடு ஒரு சத்தம். பிறகு பிள்ளைகளின் அலறல்.

அல்ஹம்துலில்லாஹ், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முடக்கில் இடது சில்லு இரண்டும் கானுக்குள் இறங்கி, வான் மண் மேட்டில் சாய்ந்து நின்றது. உள்ளே பதினான்கு பிள்ளைகள். தரம் இரண்டு படிக்கும் ஒரு சின்னப் பிள்ளை முன் சீட்டில் முகத்தை இடித்து உதடு கிழிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். ஆனால் நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்த இடம் இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது பக்கம் கான். வலது பக்கம் வேலியும் இல்லை, கல்லும் இல்லை, தேயிலைச் சரிவு மட்டும். கைப்பிடி மறுபக்கம் திரும்பியிருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதவேண்டி வந்திருக்கும்.

எங்களில் யார் எடுத்தது என்று பெயர் சொல்லப் போவதில்லை. நாங்கள்தான் எடுத்தோம். ஒருவர் கையில் போன் இருந்தது, மற்ற ஐந்து பேரும் சுற்றி நின்று "திரும்ப எடுங்க, திரும்ப எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சாரதியின் போனைப் பிறகு பார்த்தோம். நாற்பது நிமிடத்தில் பதினொரு அழைப்பு. நான்கு எங்களுடையது. ஆறு பெற்றோருடையது. ஒன்று அவருடைய வீட்டிலிருந்து. எங்கள் மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இவ்வளவுதான்: "என்ன செய்ய சேர், எடுக்காட்டி எல்லாரும் கோவப்படுறீங்க."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. போனை எடுக்காத சாரதியை நாங்களே திமிர் பிடித்தவர் என்று சொல்லியிருக்கிறோம். இன்னொரு வானுக்கு மாறுவோம் என்று பேசிய பெற்றோரும் உண்டு. மாதக் காசு வாங்குகிற மனிதர், பாவம், எடுக்காமல் என்ன செய்வார்?

வண்டி ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பேசுவது இந்த நாட்டில் குற்றம். பொலிஸ் பிடித்தால் தண்டப் பணம் சாரதிக்கு. எழுதப்பட்ட சட்டம் அவரோடு நின்றுவிடுகிறது. அவரை அழைத்தவருக்கு ஒரு சட்டமும் இல்லை. அவர் ஸ்டாஃப் ரூமில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம், லயத்து வாசலில் நிற்கலாம், கொழும்பில் வேலைத்தளத்தில் இருக்கலாம், சவூதியிலும் இருக்கலாம். தண்டப் பணத்துக்குச் சீட்டு எழுதவேண்டுமென்றால் அன்றைக்கு எங்களுக்கு நான்கு சீட்டு எழுதியிருக்க வேண்டும்.

'காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பேசினால் சரிதானே' என்று ஒரு பெற்றோர் கேட்டார். கை சும்மா இருக்கும், அது உண்மை. ஆனால் புத்தி சும்மா இருக்காது. போன் பாவிக்கும் சாரதி விபத்தில் சிக்கும் சாத்தியம் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சாரதிக்குப் பக்கத்தில் இருந்து பேசுகிறவர், முடக்கு வந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்வார். எதிரே லொறி வந்தால் "பார்த்து, பார்த்து" என்பார். போனில் பேசுகிறவருக்கு முடக்கும் தெரியாது, லொறியும் தெரியாது. அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

கணக்கு ஒன்றும் சொல்கிறோம், ஆசிரியர் புத்தி போகாது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வான் ஒரு விநாடியில் 8 மீற்றருக்கு மேல் ஓடும். வந்த செய்தியை வாசிக்க நான்கு விநாடி என்றால் 33 மீற்றர். நமது பாதையில் 33 மீற்றருக்கு நேராக ஓடுகிற இடங்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் பெற்றோரை மட்டும் திட்டிவிட்டு இந்தப் பதிவை முடிக்க எங்களுக்கு மனமில்லை. நமது ஊரில் ஒரு தாய் ஏன் போன் எடுக்கிறாள்? 2014 ஒக்டோபர் 29 காலையை யாரும் மறக்கவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. 2023 மார்ச் 19 இரவு நமது கபரகலையிலேயே மண் இறங்கி லயங்களை மூடியது. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போய், சிக்னலும் போய், பண்டாரவளையில் இருக்கும் சொந்தம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் நாட்கணக்கில் இருந்தவர்கள் நாம். பிரட்டுக்குப் போய் மலையில் நிற்கும் தாய் மழை கனக்கும்போது போனை எடுத்து "பாப்பா போய்ச் சேந்துருச்சா" என்று கேட்கத்தான் செய்வாள். கேட்காதே என்று சொல்ல நாங்கள் யார்?

அப்படியானால் அவள் கேட்பதற்கு முன்னமே அவளுக்குப் பதில் போய்ச் சேரவேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடம் அந்தப் பதிலைக் கேட்கக் கூடாது. இதைத்தான் அந்த ஒரு வாரம் முழுவதும் பேசினோம்.

இனி அந்தப் படத்துக் கதை. விசாரித்துப் பார்த்தால், பாறை விழுந்தது பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு வரும் பெரிய வீதியில். அதையும் ஞாயிறு பின்னேரமே ஒதுக்கிவிட்டார்கள். பூனாகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் நமது பாதைக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் எடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கொஸ்லந்தைப் பாதை என்றால் அது, நமக்குக் கொஸ்லந்தைப் பாதை என்றால் இது. நம் சாரதி செய்தியைப் பார்த்துவிட்டு வழமையான பாதையை விட்டு மேலே தோட்டப் பாதையால் சுற்றி வந்திருக்கிறார். அதனால்தான் சுணங்கினார். சுணங்கியதால்தான் பதினொரு அழைப்பு. திறந்து கிடந்த பாதையை மூடியது அந்த ஒற்றை வரிதான்.

அந்தச் செய்தியை அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். நாங்களும் நல்ல எண்ணத்தில்தான் மற்றக் குழுக்களுக்கு அனுப்பினோம். எங்களில் ஒருவர்கூட "எந்த இடம், எத்தனை மணிக்கு" என்று திருப்பிக் கேட்கவில்லை. பிள்ளைகளின் கட்டுரையில் நாளும் இடமும் இல்லாவிட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறவர்கள் நாங்கள்.

பாதைச் செய்தி போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கிருந்து எங்கே போகும் பாதை என்று இரண்டு ஊர்ப் பெயரும் போடுங்கள். எந்த டிவிஷனுக்குக் கிட்ட, எந்தப் பாலத்துக்கு, எந்தக் கோயிலுக்குக் கிட்ட என்று சொல்லுங்கள். நாளும் நேரமும் கட்டாயம். நீங்களே கண்ணால் கண்டதா, யாரோ அனுப்பியதா? பஸ்ஸுக்குத் தடையா, ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் போகலாமா? நம் ஊரில் இந்த வித்தியாசம் பெரியது. பாதி மூடியது வேறு, முழுசா மூடியது வேறு. முக்கியமாக, பாதை திறந்ததும் அதையும் போடுங்கள். மூடியதைச் சொல்ல நூறு பேர், திறந்ததைச் சொல்ல ஆள் இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை வந்தால் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எத்தனை மணி வரைக்கும் என்பதையும் சேர்த்துப் பகிருங்கள். போன மாதத்து சிவப்பு இந்த மாதம் சுற்றிக்கொண்டிருந்தால், நாளைக்கு உண்மையான சிவப்பு வரும்போது ஒருவரும் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள். மண் இறங்குவதைக் கண்டால் குழுவுக்கு முன் 117க்குச் சொல்லுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம். பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990. அன்றைக்கு அந்தப் பதற்றத்தில் எங்களுக்கே 1990 நினைவுக்கு வரவில்லை.

தோட்டத்தில் வயதானவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "போன் இல்லாத காலத்துல நாங்க பாதை தெரியாமலா போனோம்?" என்றார். உண்மைதான். கீழே இறங்கும் பஸ்ஸும் மேலே ஏறும் பஸ்ஸும் ஒடுக்கமான இடத்தில் சந்தித்தால் இரண்டு சாரதிகளும் ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தாலும் கவலை இல்லை. அந்த இரண்டு வார்த்தையில் ஒரு பாதையின் நிலவரமே அடங்கியிருக்கும். மண் விழுந்த இடத்துக்கு முன்னால் யாராவது ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் போட்டிருப்பார்கள். கொப்பைக் கண்டால் மெதுவாகப் போகவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கொப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆபத்து நீங்கினால் யாரோ எடுத்துப் போட்டுவிடுவார்கள். இன்றைக்கும் சில சாரதிகள் நிறுத்திப் பேசுகிறார்கள். அவர்களைப் பார்த்து ஹோர்ன் அடிக்க எங்களுக்கு இப்போது கை வருவதில்லை.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறோம். இது சட்டம் இல்லை, அதிபர், பெற்றோர், சாரதிகள் எல்லோரும் ஒரு பின்னேரம் இருந்து பேசியது. காலை ஆறேகாலிலிருந்து ஏழரை வரை வான் சாரதிக்கு ஒருவரும் போன் எடுப்பதில்லை. ஆசிரியர்கள் முதலில், பெற்றோர் அடுத்தது, அவருடைய வீட்டுக்காரியும்தான். அந்த அம்மா "எனக்குமா சேர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். பாதி வழியில் சிக்னல் நன்றாகப் பிடிக்கிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே வானை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, போனைப் பார்த்து, 'கடைக்கு வந்தாச்சு, 14 பேர்' என்று குழுவுக்கு ஒரு வரி போடுவார். பாடசாலைக்கு வந்ததும் நாங்கள் ஒரு வரி போடுவோம். மலையில் நிற்கும் தாய்க்கு இரண்டு வரி கிடைக்கும். வட்ஸ்அப் இல்லாத சாதாரண போன் வைத்திருக்கும் ஒன்பது பேருக்கு எங்களில் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்புகிறார். வான் குறித்த நேரத்துக்கு வராவிட்டால் சாரதியை அழைப்பதில்லை, கடைக்காரருக்கு எடுத்துக் கேட்போம். அவர் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா?

முதல் வாரம் கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை. புதன்கிழமை வான் பன்னிரண்டு நிமிடம் சுணங்கியபோது எங்களில் இருவருக்குக் கை பரபரத்தது. ஒருவர் போனை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வாசலில் போய் நின்றார். ஒரு தாய் சத்தமே போட்டார்: "என் புள்ளைக்கு ஒன்னுன்னா சேரா பதில் சொல்லுவாரு?" நியாயமான கேள்வி. அந்தத் தாயின் பிள்ளைக்குத்தான் உதடு கிழிந்தது.

கடைக்காரரிடம் எங்கள் பாடசாலையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கரும்பலகை ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். வருகிற போகிற பஸ், லொறி, ஓட்டோ எல்லாம் நிறுத்தித் தேநீர் குடிக்கும் இடம் அது. யார் எந்தப் பாதையால் வந்தாலும் கண்டதைச் சொல்ல வேண்டும், அவர் சோக்கால் எழுதுவார், பழையதை அழிப்பார். அவருடைய எழுத்துப் பிழைகளைத் திருத்தக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நாங்களும் திருத்துவதில்லை. அப்படியே படம் எடுத்துக் குழுவில் போடுகிறோம்.

இன்று காலை 6.40க்குப் பலகையில் இருந்தது: "பண்டாரவளை – பூனாகலை பாதை சரி. பணி கூட. பூனாகலை – கொஸ்லந்தை பாலத்துக்கு கிட்ட மண் கொஞ்சம், பஸ் மெதுவா போகலாம், கண்டது ரொட்டி லொறி, 6.10. நேத்து விழுந்த மரம் எடுத்தாச்சு."