மருந்துக்கு முதல் தண்ணீரைப் பாருங்கள்



எங்கள் வகுப்புத் தொட்டியில் இரண்டு கோல்ட்பிஷ் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்றது செத்ததில் எங்கள் பிழையும் உண்டு. வீட்டில் மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

போன மாரியில் தொட்டியைக் கழுவினோம். பில்டர் ஸ்பொஞ்சையும் பைப் தண்ணீரிலேயே தேய்த்துக் கழுவி, அதே தண்ணீரை அப்படியே நிரப்பினோம். நாலாம் நாள் இரண்டு மீனின் வாலிலும் பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளை. "சேர், பங்கசு!" என்றார்கள் பிள்ளைகள். அவசரத்தில் நீல மருந்தை இரட்டிப்பாக ஊற்றினோம். விடியப் பார்த்தால் ஒன்று மிதக்கிறது.

பிறகுதான் தேடிப் படித்தோம். பஞ்சுபோல வளரும் சப்ரோலெக்னியா எந்தக் குளத்துத் தண்ணீரிலும் இருக்கக்கூடியது. மேனியில் சளிப்படை நன்றாக இருந்தால் இலகுவில் பிடிக்காது. காயமும் கெட்ட தண்ணீரும்தான் அதற்கு வழி விடுகின்றன. ஸ்பொஞ்சில் வாழ்ந்த நல்ல பற்றீரியாவைக் குளோரின் கொன்றது. மிச்சத்தை நாங்கள் ஊற்றின மருந்து கொன்றது. கழிவின் அமோனியா கூடிவிட்டது. அழகுக்குப் போட்ட முருகைக்கல்லும் வாலைக் கிழித்திருந்தது.

வெள்ளையெல்லாம் பங்கசும் அல்ல. உப்புத் தூவினதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய். வாயைச் சுற்றிச் சாம்பல் நிறமாகப் படர்ந்து வேகமாகப் பரவினால் பெரும்பாலும் கொலம்னாரிஸ் என்ற பற்றீரியா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மிஞ்சின மீனை வேறு பேசினுக்கு மாற்றினோம். கல்லை எடுத்தோம். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரால் தினமும் கால்வாசி மாற்றினோம். லீற்றருக்கு 2 கிராம் கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பிறகு, மாற்றின தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு. (கெளுத்தி வகைகள் உப்பைத் தாங்குவது குறைவு.) எட்டு நாளில் பஞ்சு விழுந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஸ்பொஞ்சை இப்போது தொட்டித் தண்ணீரிலேதான் அலசுகிறோம்.

நோய்த் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். 1987-88 காலத்தில் நம் நாட்டு விராலுக்குப் புண் நோய் வந்தது மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். அதைக் கொண்டுவந்ததும் சப்ரோலெக்னியாவின் உறவுதான்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தொட்டி மீனுக்கும் தப்பிப்போக வழியில்லை. அதன் தண்ணீர் எங்களிடமுள்ள அமானிதம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.