வேப்பெண்ணெயும் அகல் விளக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. இதுல என்னோட தப்பும் இருக்கு.

கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி ஆலயத்துல கொசுத் தொல்லைன்னு நிறைய பேர் சொன்னீங்க. நான்தான் முன்வந்து, "மருந்தெல்லாம் எதுக்கு, அம்மனோட வேப்பமரம் இருக்கே"ன்னு சொன்னேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணியில கலக்கி, வாரா வாரம் காவாயிலயும் பூந்தொட்டித் தட்டுலயும் தெளிச்சேன். சாயங்கால பூஜைக்கு வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை. வர்றவங்க கையில தடவ சிட்ரோனெல்லா எண்ணெய், அதாங்க, செராய் வாசனை அடிக்குமே, அது. எல்லாரும் பாராட்டினீங்க. எனக்கும் பெருமைதான்.

தீபம் முடிஞ்சு மூணாவது வாரம், அன்னதானத்துக்குக் காய் நறுக்குற நம்ம அக்காவுக்கு டிங்கி. ஆறு நாள் ஆஸ்பத்திரியில. பார்க்கப் போனப்ப, "தம்பி, வெள்ளிக்கிழமை சமையலுக்கு ஆள் இருக்கா?"ன்னுதான் கேட்டாங்க. எனக்குப் பதில் வரல.

அன்னிக்கே டார்ச்லைட் எடுத்துக்கிட்டு ஆலயத்தைச் சுத்தினேன். மடப்பள்ளிக்குப் பின்னாடி, தீபத்தன்னிக்கு ஏத்தின அகல் விளக்குங்களை ஒரு கூடையில போட்டு வச்சிருந்தோம். மழைத்தண்ணி நிறைஞ்சிருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் கொசுப் புழு நெளியுது. பக்கத்துல சிதறு தேங்காய் ஓடு, அதுலயும்தான். அக்கா காலையில உட்கார்ந்து காய் நறுக்குற இடத்துலேர்ந்து பத்தடிகூட இல்ல. அவங்க வீட்டுப் பக்கம் கடிச்சிருக்கலாம்னு சிலர் ஆறுதல் சொன்னாங்க. இருக்கலாம். ஆனா அந்தக் கூடையை அங்க வச்சது நான்.

வேம்பைக் குறை சொல்லல. வேப்பங்கொட்டையில இருக்குற அசாடிராக்டின் கொசுப் புழு தோல் உரிச்சு வளர்றதையே தடுக்கும். கொசுவத்திக்கு மூலமே செவ்வந்தி இனத்துப் பூ ஒண்ணுலேர்ந்து எடுத்த பைரெத்ரம்தான். செடிக்குச் சக்தி இருக்கு. ஆனா வேப்பெண்ணெய் தெளிச்ச தண்ணியில மட்டும்தான் வேலை செய்யும். வெயில் பட்டா சீக்கிரம் சிதையும், மழை பெஞ்சா அடிச்சிட்டுப் போயிடும். சிட்ரோனெல்லா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஆவியாயிடும். புகை கொசுவை விரட்டும், புழுவை ஒண்ணும் செய்யாது. அதோட நான் புகை போட்டது சாயங்காலம் மட்டும். ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, காலையிலயும் கடிக்கும்.

முட்டை கொசுவாக ஏறக்குறைய 7லேர்ந்து 10 நாள்தான். அதனால வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். கொட்டினா மட்டும் போதாது, தேய்ச்சும் கழுவணும். ஏடிஸ் முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு, காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும்.

அன்பர்களுக்கு மூணே மூணு வேண்டுகோள்:

1. ஏத்தின அகல் விளக்கைக் கவுத்து வையுங்க. தேங்காய் ஓடு அன்னன்னிக்கே குப்பைக்குப் போகணும்.

2. கால் கழுவுற தொட்டி, துளசித் தொட்டித் தட்டு, பூ வாளி எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னாடி தேய்ச்சுக் கழுவுவோம். வீட்டுலயும் அப்படியே செய்யுங்க. வேப்பெண்ணெய் அதுக்கு அப்புறம்தான்.

3. காய்ச்சல்னா இலைச்சாறு குடிச்சுக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க. கிளினிக்குக்குப் போங்க. டிங்கியா இருக்கலாம்னா ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேணாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கினதும் வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னா உடனே ஆஸ்பத்திரி. ஆபத்தான நேரமே அதுதான்.

அக்கா இப்ப நல்லா இருக்காங்க. போன வாரம் மறுபடியும் காய் நறுக்க வந்தாங்க. உட்கார்றதுக்கு முன்னாடி அந்த மூலையை நானே ஒரு தடவை பார்த்துட்டு வந்தேன்.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்கு ஆலயத்துல கோத்தோங் ரோயோங். துடைப்பம், கையுறை கொண்டு வாங்க. பசியாற ஆலயத்துலயே உண்டு.

அம்மன் துணை.