இணைய முகவரியைப் படிக்கும் முறை

கடித உறையில் எழுதப்படும் முகவரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெயர், வீட்டு எண், சாலை, ஊர், அஞ்சல் குறியீடு ஆகியவை அதனதன் இடத்தில் இருந்தால்தான் கடிதம் உரியவரைச் சென்றடையும். இணைய முகவரியும் அத்தகையதே. பார்வைக்கு ஒரே நீண்ட வரியாகத் தெரிந்தாலும், அது பல பகுதிகளால் ஆனது.

முகவரியின் முற்பகுதியில் தளத்தின் பெயர் இருக்கும். அதனை அடுத்துச் சாய்கோட்டுக்குப் பின் பக்கத்தின் பெயர் வரும். பயனர் எதைத் தேடுகிறார் என்னும் விவரம் கேள்விக்குறிக்குப் பின் இடம்பெறும். 1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியால் இப்பகுதிகளைத் தனித்தனியே படிக்க முடியும்.

ஆயினும், தேடும் சொல் தமிழில் இருந்தால் ஒரு சிக்கல் எழலாம். மாணவர் ஒருவர் சிறிய தமிழ் அகராதித் தளத்தை உருவாக்குகிறார். ‘அம்மா’ என்னும் சொல் அந்த அகராதியில் இருக்கிறது. ஆனால், அதைத் தேடினால் ‘சொல் இல்லை’ என்றே பதில் வருகிறது. முகவரியிலும் ‘அம்மா’ என்றே தெரிகிறது. பிழை எங்கே?

இத்தகைய வேளையில் சிலர் நிரல் முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்குவர். அதைவிட, நிரல் உண்மையில் எதைப் படித்தது என்பதைத் திரையில் காட்டச் செய்வதே சிறந்தது. அவ்வாறு செய்தால் காரணம் புலப்படும். கணினிக்கு ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து கூறுகள். முகவரியில் ஒவ்வொரு கூறும் ‘%’ குறியுடன் கூடிய ஒன்பது குறிகளாக மாறிவிடுகிறது. எனவே, அச்சிறு சொல் 45 குறிகளாக நீள்கிறது. உலாவி அதைத் தமிழில் காட்டினாலும், நிரல் அந்த 45 குறிகளையே அகராதியில் தேடியிருக்கிறது!

அக்குறிகளை மீண்டும் தமிழாக மாற்றினால் சிக்கல் தீரும். அதிலும் வரிசை முக்கியம். முகவரியில் உள்ள விவரங்களை ‘&’ குறி பிரிக்கிறது. தேடும் தொடருக்குள் அதே குறி இருந்தால், அதுவும் உருமாறியே வரும். ஆகவே, முதலில் விவரங்களைப் பிரித்து, பிறகே மாற்ற வேண்டும். முதலில் மாற்றினால், ஒரே தொடர் இரண்டாக உடைந்துவிடும்.

நோயின் காரணத்தை அறிந்து மருத்துவம் செய்ய வேண்டும் என்றார் வள்ளுவர். நிரலில் தோன்றும் பிழைக்கும் அந்த அறிவுரை பொருந்தும்.