அழிவிசையும் அரை மாத்திரையும்

பொதுமொழி என்று ஒரு வகையை நன்னூல் பேசுகிறது. ஒரு சொல் அப்படியே நின்று ஒரு பொருளைத் தரும். பிரித்தால் தொடர்மொழியாகி வேறொரு பொருளைத் தரும். 'எட்டு' என்பது எண். அதையே எள் + து என்று பிரித்தால் 'எள்ளை உண்' என்றாகிவிடும். 'வேங்கை' புலி, மரம் ஆகியவற்றின் பெயர்; பிரித்தால் வேகின்ற கை. இதை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பது வழக்கம். யாராவது எட்டு என்று சொன்னால் எள்ளைத் தின்னப் போவார்களா என்பார்கள். இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம்.

தமிழ் முதுகலை படித்து, தமிழ் நடத்திப் பிழைக்கும் எங்களுக்கு, இந்தப் பொதுமொழியைக் கணினியின் கருந்திரையில் மறுபடி சந்திக்கும் வாய்ப்பு வந்தது. முனையம் என்று சொல்லப்படும் அந்த எழுத்துச் சாளரத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நிரலர்கள் மட்டுமே புழங்கும் இடமாயிற்றே, இலக்கிய வாசகருக்கு அங்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்களுக்கு வேலை இருந்தது.

துறைக்கென்று கிடைத்த பழைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் நிறுவியிருந்தார்கள். வண்ணச் சாளரங்களைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. எனவே முனையத்திலேயே எழுதி, முனையத்திலேயே தேடப் பழகியிருந்தோம். முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பாட்டிமாரிடம் ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்து வந்து அவற்றை எழுத்தாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து அவருடைய கோப்பைத் திறந்து பார்த்தால், பாடல்கள் முழுவதும் ஆங்கில எழுத்தில் இருந்தன. காரணம் கேட்டோம். "நம்ம எழுத்துக்கு இது ஒத்துவரலைங்க ஐயா. ஒரு எழுத்தை அழிச்சா பாதி நிக்குது, பாதி போகுது. நீ-ன்னு அடிச்சா கோடு எங்கேயோ போய் நிக்குது" என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டோம். அதில் இருந்தது ஒப்புக்கொண்டுவிட்ட தொனி. குறை கருவியில் அல்ல, நம் எழுத்தில்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். ஆங்கில எழுத்தில் ஒப்பாரியை எழுதினால் லகர ளகர ழகரமும் நகர னகர ணகரமும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். பாடிய பாட்டியும் ஒருநாள் போய்விடுவார். பிறகு எந்த ஒலி எந்த எழுத்து என்று யாரைப் போய்க் கேட்பது? மாணவருக்குச் சரியான விடை சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கருந்திரையின் இலக்கணத்தைப் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் தெரிந்துகொண்டது இது. விசையை அழுத்தினால் முனையத்துக்குள் ஓடும் நிரலுக்கு 'விசை' போய்ச் சேர்வதில்லை. எண்கள்தாம் போய்ச் சேர்கின்றன. இன்று நாம் திறக்கும் முனையச் சாளரம் உண்மையான முனையம் அன்று. ஒரு பழைய பொறியின் வேடம் அணிந்த மென்பொருள். 1984-இல் தொடங்கிய எக்ஸ்டெர்ம் முதலானவை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி.100 என்னும் முனையத்தைப் போல நடிக்கின்றன. அந்த வி.டி.100-க்கும் முன்னோர் உண்டு. 1963-இல் வந்த டெலிடைப் 33 என்னும் தொலைத்தட்டச்சுப் பொறி அவர்களுள் ஒருவர். அதே 1963-இல் முதலில் வெளியான ஆஸ்கி அட்டவணையே இவர்கள் பேசும் மொழியின் அரிச்சுவடி. அதில் மொத்தம் 128 இடங்கள். முதல் 32 இடங்கள் எழுத்துகளுக்கு உரியவை அல்ல, ஏவல்களுக்கு உரியவை.

கன்ட்ரோல் விசையின் கணக்கு இங்கேதான் இருக்கிறது. அது எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழிக்கும்; அவ்வளவுதான். 'சி'யின் எண் 67. கன்ட்ரோலுடன் அழுத்தினால் 3. ஆஸ்கியில் 3 என்பது 'உரை முடிந்தது' என்னும் குறி. அதைக் கண்டதும் இயங்குதளத்தின் கருவகம் ஓடும் நிரலை இடைமறிக்கிறது. 'ஐ'யின் எண் 73, கழித்தால் 9. டேப் விசையின் எண்ணும் 9-தான். 'எம்' 77, கழித்தால் 13, என்டர் விசையின் எண். எனவே கன்ட்ரோலும் 'ஐ'யும் அழுத்தப்பட்டனவா, டேப் அழுத்தப்பட்டதா என்று மரபான முனையத்தில் நிரலால் சொல்லவே முடியாது. விரல்கள் வேறு, வந்து சேர்ந்த எண் ஒன்று.

எல்லா விசைகளுக்கும் இப்படித் தனி எண் கிடைத்துவிடவில்லை. அம்புக்குறி விசைகளுக்கு 128 இடங்களில் ஒன்றுகூட இல்லை. எனவே அவை ஒரு தொடராக அனுப்பப்படுகின்றன. மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் வி.டி.100 மூன்று எண்களை அனுப்பும்: முதலில் எஸ்கேப், அதாவது 27, அடுத்து சதுர அடைப்பின் திறப்பு, 91, பிறகு 'ஏ', 65. கீழ் அம்புக்கு 'பி', வலத்துக்கு 'சி', இடத்துக்கு 'டி'. நிரல் வேண்டினால் முனையம் இன்னொரு நிலைக்கு மாறி, சதுர அடைப்புக்குப் பதில் 'ஓ' என்னும் எழுத்தை இடையில் அனுப்பும்.

நன்னூலின் பொதுமொழி இங்கே வந்து நிற்கிறது. எஸ்கேப் விசைக்கும் அதே 27-தானே எண்? ஒருவர் எஸ்கேப்பைத் தனியே அழுத்தினால் 27 மட்டும் வரும். அம்பை அழுத்தினாலும் முதலில் வருவது 27. வந்திருப்பது தனிமொழியா, தொடர்மொழியின் நிலைமொழியா? அந்த எண்ணில் இதற்கு விடை இல்லை. நிரல்கள் பலவும் கண்டுபிடித்த வழி, காத்திருப்பது. 27 வந்ததும் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். உடனே அடுத்த எண் ஒட்டிக்கொண்டு வந்தால் அம்பு, வராவிட்டால் எஸ்கேப். என்கர்சஸ் என்னும் நிரலகம் தானாகக் கொள்ளும் காத்திருப்பு 1000 மில்லிநொடி, அதாவது முழுதாக ஒரு நொடி.

எழுத்தின் அளவைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் அளந்த மரபு நம்முடையது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. பொறியின் முன்னிலும் பொருளைத் தீர்மானிப்பது எழுத்தன்று, எழுத்துக்குப் பின் வரும் மௌனத்தின் அளவு என்று அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது. இந்த மௌனம் தவறும் இடங்களும் உண்டு. வலையிணைப்பு மந்தமாகி 27-க்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் காலம் நீண்டுவிட்டால் தொடர்மொழி உடைந்துவிடும். பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய வி.ஐ. என்னும் தொகுப்பானில், எழுதிக்கொண்டிருக்கும்போது மேல் அம்பின் 'எஸ்கேப், ஓ, ஏ' என்னும் வடிவம் இப்படி உடைந்தால், எஸ்கேப் எழுதுதலை நிறுத்தும். 'ஓ' மேலே புது வரி ஒன்றைத் திறக்கும். அந்த வரியில் 'ஏ' என்னும் எழுத்து அநாதையாக நிற்கும். மேலே போ என்று சொன்னவருக்குக் கிடைப்பது ஓர் ஆங்கில எழுத்து.

இனி அழிவிசைக்கு வருவோம். மாணவரின் முதற்குறை அதுதானே. ஆஸ்கியில் அழித்தலுக்கு 127 என்ற எண் வந்த கதை சுவையானது. அக்காலத்தில் எழுத்துகளைக் காகித நாடாவில் துளைகளாகப் பதிப்பார்கள். பதிந்த துளையை அடைக்க முடியாது. எனவே தவறான எழுத்தின் மேல் ஏழு இடங்களிலும் துளையிட்டுவிடுவார்கள். ஏழும் துளையானால் அது 127. படிக்கும் பொறி அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் செல்லும். ஏட்டில் எழுதியவர்கள் பிழையான எழுத்தை அடித்துவிட்டு மேலே எழுதிச் சென்றதை இது நினைவூட்டுகிறது. பின்னோக்கி நகர்தலுக்கோ 8 என்று வேறொரு எண் இருந்தது. அழிவிசை அனுப்ப வேண்டியது எட்டா, நூற்று இருபத்தேழா என்று முனையங்கள் இருவேறாகப் பிரிந்தன. இரண்டும் பொருந்தாத இடத்தில் அழிவிசையை அழுத்தினால் எழுத்து அழியாது. தொப்பிக்குறியும் 'எச்'சும் திரையில் விழும்.

சரி, நம் எழுத்து ஏன் பாதியாக நின்றது? ஒருங்குறியின் யு.டி.எப்.8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். 'க' என்பது 224, 174, 149. ஒரு வரியை என்டர் அழுத்தும்வரை தன்னிடம் வைத்திருந்து திருத்த விடுவது கருவகம். அது ஓர் எழுத்து ஒரு பைட்டு என்னும் நம்பிக்கையில் பிறந்தது. அழிவிசைக்கு ஒரு பைட்டைக் கழித்தால் 224-உம் 174-உம் எஞ்சும். அது எந்த எழுத்தும் அன்று. இதைச் சரிசெய்யும் அமைப்பு 2004-இல் லினக்ஸ் 2.6.4-இல் வந்தது. அந்த அமைப்பு இயங்காத கணினியில் பழைய சிக்கல் தொடரும். இயங்கினாலும் அது கழிப்பது ஒரு குறியைத்தான். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. அதற்கோ ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு. ஒருமுறை அழித்தால் 'க' நிற்கும்.

இரண்டாம் குறை இன்னும் வேடிக்கையானது. முனையத்தின் திரை சதுரங்கப் பலகை போலக் கட்டங்களால் ஆனது. எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று நிரலும் முனையமும் ஒரே கணக்கு வைத்திருக்க வேண்டும். மார்க்கஸ் குன் வகுத்து, பல மென்பொருள்கள் எடுத்துக்கொண்ட அட்டவணைப்படி, எழுத்தின் மேலே அமரும் ஈகாரக் குறிக்கும் புள்ளிக்கும் கட்டம் இல்லை. பக்கத்தில் அமரும் இகரக் குறிக்கு ஒரு கட்டம் உண்டு. ஆகவே 'நி' இரண்டு கட்டம், 'நீ' ஒரு கட்டம்! குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று. தொல்காப்பியரின் மாத்திரைக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. எழுத்துருவோ அந்த 'நீ'யை ஒரு கட்டத்துக்குள் அடக்க முடியாமல் தவிக்கும். கோடு எங்கேயோ போய் நிற்காமல் என்ன செய்யும்?

இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி அம்மாணவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் இரண்டு மணிநேரம் விளக்கினோம். ஆங்கிலம் பேசுவோரும் இதே திரையின் முன் எட்டுக்கும் நூற்று இருபத்தேழுக்கும் இடையில் தவித்தவர்களே என்றோம். அம்பு விசைக்கே இடம் இல்லாத அட்டவணையில் உயிர்மெய்க்கு எங்கிருந்து இடம் வரும் என்று கேட்டோம். தமிழ் எழுத்தால் தொடர்களைக் கையாள முடியாதா என்ன? தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையே தொடர்களின் இலக்கணம்தான். அதில் ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால் முதலாவதன் மேல் தானாகப் புள்ளி விழும். 'பக்கம்' என்று எழுத ககரத்தை இருமுறை தட்டினால் போதும். நம் மொழியின் மெய்ம்மயக்கத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது. வி.டி.100-இன் தொடர்களை வகுத்தவர்களிடம் குறை காண்பதற்கில்லை; அவர்கள் முன் இருந்த மொழிக்கு அவர்கள் வகுத்தார்கள்.

பழைய சிக்கல்களும் மெல்ல அவிழ்கின்றன. வாசக நண்பர்கள் பலர் மின்னூல் படிக்கப் பயன்படுத்தும் கேலிபர் மென்பொருளை 2006-இல் தொடங்கிய கோவித் கோயல், கிட்டி என்னும் முனையத்தையும் எழுதியவர். அவர் வகுத்த விசைப்பலகை நெறியில் எஸ்கேப் விசைக்கெனத் தனியே ஒரு முழுத்தொடர் உண்டு; எனவே மௌனத்தை அளந்து காத்திருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோலுடன் வரும் 'ஐ'யும் டேப்பும் அங்கே இருவேறு தொடர்கள். வேறு பல முனையங்களும் இந்நெறியை ஏற்றிருக்கின்றன. தமிழின் கட்டக் கணக்கு அந்த அளவுக்குத் தெளிவடையவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்தாம்.

அம்மாணவர் பாடல்களை மறுபடியும் தமிழ் எழுத்தில் அடித்தார். எழுதுவதற்குத் துறைத்தலைவரின் அறையில் இருந்த சற்றே புதிய கணினியின் சாளரத் தொகுப்பான். தேடுவதற்கும் சொற்களை எண்ணுவதற்கும் பழைய கருந்திரை. கோப்புக்குள் இருப்பது சரியான எண்கள் என்றால், திரையில் கோடு எங்கே நின்றாலும் தேடல் தவறுவதில்லை. பாட்டி 'மகராசா' என்று விளிக்கும் இடங்கள் அத்தனையும் ஒரே ஆணையில் வரிசையாக வந்து நின்றன. இரண்டு இடங்களில் ஆங்கில எழுத்திலிருந்து மீட்க முடியாத ஐயம் எழுந்தது, 'வழி'யா 'வலி'யா என்று. இரண்டுமே ஒப்பாரிக்குப் பொருந்தக்கூடியவை. மாணவர் ஊருக்குப் போய்ப் பாட்டியிடமே கேட்டுவந்தார். ஓரிடத்தில் வழி, மற்றோரிடத்தில் வலி. நல்லவேளை, சொல்வதற்குப் பாட்டி இருந்தார்.